வட்டக் கீறல்

அந்த டிஸ்க்கைக் கீறியது நான். கீறியதை மறைத்து அடுத்தவர் கையில் கொடுத்ததும் நான். பழி அவர்மேல் விழுந்தபோது உண்மையைச் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நான் பொய்யைச் சொன்னேன். எனக்கு எழுபத்து மூன்று வயது. முப்பது வருடங்களுக்கு மேல் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தவன். குறை இருந்தால் இருக்கிறது என்று சொல்வதற்காகவே சம்பளம் வாங்கியவன். ஆகவே தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

வீடியோ கேம் டிஸ்க் என்றதும் என் வயதுக்காரர்கள் சிரிக்கலாம். மனைவி இறந்த பிறகு திருமுல்லைவாயில் வீட்டில் நான் மட்டும்தான். மகன் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது தன் கேம் மெஷினை டிவிக்குக் கீழே விட்டுவிட்டுப் போனான். அதில் அவன் வாங்கிய ஆட்டங்கள் இருபதுக்கு மேல் இருந்தன. எல்லாம் இணையத்தில் பணம் கட்டி இறக்கியவை. பொழுது போகாமல் ஒரு மதியம் அதைத் தொட்டேன். முதல் வாரம் கட்டை விரல் வலித்தது. இரண்டாவது மாதம் மதியத் தூக்கமே போய்விட்டது.

ஒருநாள் மெஷினைப் போட்டால் எல்லா ஆட்டத்தின் மேலும் சின்னதாக ஒரு பூட்டுப் படம். மகனுக்குப் போன் செய்தேன்.

"அப்பா, நான் இங்க புது மெஷின் வாங்கிட்டேன். அக்கவுன்ட்ட இதுக்கு மாத்திட்டேன். அதான்."

"அதுக்கு? காசு குடுத்துதானே வாங்கினே?"

"வாங்கினதுன்னா ஆடுற உரிமைப்பா. பொருள் இல்ல. என் பேர்ல இருக்கு, நான் எங்க இருக்கேனோ அங்கதான் ஓடும்."

"அப்ப வாடகையா?"

"வாடகையும் இல்ல. விடுங்கப்பா, டிஸ்க் வாங்கிக்குங்க. டிஸ்க் கையில இருந்தா யார் மெஷின்லயும் ஓடும்."

வீடு என் பெயரில், மெஷின் என் வீட்டில், ஆட்டம் மட்டும் கடல் தாண்டிப் போய்விட்டது. அதன் பிறகுதான் டிஸ்க் தேடிப் போனேன். போன இடத்தில் சீட்டு கிடைத்தது.

அந்தச் சீட்டை நடத்தியவர் என்னிடம் பயிற்சியாளராகச் சேர்ந்து, பிறகு வேறு கம்பெனியில் சூப்பர்வைசர் ஆனவர். எங்கள் ஊர்க்காரர்தான், கோயில் தெருவுக்குப் பின்னால் வீடு. எட்டுப் பேர் கொண்ட குழு அது. பெரும்பாலும் லேத், தகடு அழுத்தும் பிரஸ், கிடங்கு வேலைக்காரர்கள். எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் போட்டுப் புது டிஸ்க் ஒன்று வாங்குவார்கள். பெயரெழுதிக் குலுக்கிப் போட்டு வரிசை பிடிப்பார்கள். ஆளுக்கு ஒரு வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை கை மாறும். எட்டாவது ஆள் முடித்ததும் அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் இருக்கும் பழைய கேம் கடையில் அதை விற்று, வந்ததோடு மறுபடி போட்டு அடுத்த டிஸ்க் வாங்குவார்கள். மாதச் சீட்டு போடாத வீடு இல்லாத ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. டிஸ்க் என்பது கையில் பிடிக்கிற பொருள் என்பதால்தான் இது நடந்தது. மகனுடைய ஆட்டங்களை வைத்து இப்படி ஒரு சீட்டு பிடிக்க முடியாது.

சீட்டுக்கு ஒரே ஒரு கட்டாய விதி இருந்தது. கை மாறும்போது டப்பாவைத் திறந்து, டிஸ்க்கை விளிம்பில் பிடித்து, அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துக் கொடுப்பவரும் வாங்குபவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு இரண்டு பேரும் "பாத்தாச்சு" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு அது வாங்கியவர் பொறுப்பு.

எனக்கு மட்டும் அந்த விதி இல்லாமல் போனது. நான் முதல் தடவை டிஸ்க்கைக் கொடுக்கப் போனபோது டப்பாவைத் திறக்கப் பார்த்தேன். வாங்க வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ சார், நீங்க குடுத்தத நான் தொறந்து பாக்குறதா? நல்லாவா இருக்கும்?" என்றார். அங்கே பாதிப் பேர் நான் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு வெளியே போகும் என்றிருந்த காலத்தைக் கேள்விப்பட்டவர்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. வேண்டாம், எனக்கும் அதே விதிதான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

நான் சொல்லப்போகிற சுற்றில், எனக்கு அடுத்த வாரம் விழுந்தது குத்தம்பாக்கத்துக்காரர் ஒருவருக்கு. முப்பது வயதிருக்கும். சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையோரக் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அந்தப் பக்கத்து வயல்களில் பிறருக்குக் கூலி வேலை செய்தவர்கள். கம்பெனி வேலைக்கு வந்த முதல் ஆள் அவர். சீட்டில் கடைசியாகச் சேர்ந்தவரும் அவர்தான். அதே பழைய கேம் கடையில் வாங்கிய மெஷின் அவருடையது. சீட்டை விட்டால் புது ஆட்டம் எதுவும் அவர் வீட்டுக்கு வர வழியில்லை. "டவுன்லோடுலாம் நமக்கு ஆவாது சார்," என்று ஒருமுறை சொல்லிச் சிரித்தார். "இருக்கிறது போன் டேட்டாதான். ஒரு கேம் எறங்கி முடியறதுக்குள்ள எனக்கு பேரன் பொறந்துடுவான்."

அந்தச் சுற்றின் ஆட்டத்தைக் கேட்டு வாங்க வைத்தவரும் அவர்தான். பழைய சரக்குப் படகு ஒன்றை ஓட்டிக்கொண்டு தீவு தீவாகப் போக வேண்டும். மற்றவர்கள் கார் பந்தயம் கேட்டார்கள். அவர் விடவில்லை. "எங்க ஊட்டுல அவ மேப் பாப்பா சார், நான் ஓட்டுவேன். ரெண்டு பேரும் சேந்து ஆடற மாதிரி இது ஒண்ணுதான் கீது," என்று கெஞ்சி வாங்க வைத்தார். குலுக்கலில் எனக்கு ஏழாவது வாரம், அவருக்கு எட்டாவது வாரம் வந்தது.

அவர் கேட்டு வாங்க வைத்துக் காத்திருந்த அந்த ஆட்டம் அவருக்கு முன்னால் என்னிடம் வந்தது. நான் அதில் ஊறிப்போனேன். அந்த வாரத்தில்தான் ஆயுத பூஜை.

வேலையில் இருந்த காலத்தில் அன்றைக்குப் பிரிவு முழுவதையும் கழுவித் துடைத்து, அளவுக் கருவிகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைப்போம். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் நான் அதை விடவில்லை. என் பழைய மைக்ரோமீட்டர், வெர்னியர், பூதக்கண்ணாடி மூன்றையும் துணி விரித்து வைப்பேன். அந்த வருடம் கேம் மெஷினுக்கும் பொட்டு வைக்கலாம் என்று தோன்றியது. தினமும் கைபடுகிற கருவி அதுதானே.

மெஷினை அணைத்துவிட்டுச் செய்திருக்க வேண்டும். அணைத்தால் புயலில் மாட்டியிருந்த என் படகு ஆரம்பத் துறைமுகத்துக்குப் போய்விடும். நடுக்கடலில் சேமித்து வைக்க அந்த ஆட்டத்தில் வசதி இல்லை. அப்படியே நிறுத்திவைத்துவிட்டு, படுக்கையாக இருந்த மெஷினை முன்பக்கம் பொட்டு வைக்க வாகாக நிமிர்த்தினேன். உள்ளே டிஸ்க் சுழன்றுகொண்டிருந்தது.

கர்ரென்று ஒரு சத்தம் வந்தது. இரும்பில் இரும்பு உராய்வது போன்ற அந்தச் சத்தத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

டிஸ்க்கை வெளியே எடுத்துப் பார்த்தேன். அடிப்பக்கத்தில், விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை உள்ளே, காம்பஸ் வைத்து வரைந்தது போல முழு வட்டமாக ஒரு கீறல். கை தவறிக் கீழே விழுந்தால் கோடு நேராக விழும். துணியால் தேய்த்தால் குறுக்கும் நெடுக்குமாக விழும். வட்டமாக விழுந்தால் அதற்கு ஒரே காரணம்தான். சுழலும்போது யாரோ மெஷினை அசைத்திருக்கிறார்கள்.

பற்பசையை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். மங்கியதே தவிரப் போகவில்லை. மறுபடி மெஷினில் போட்டேன். ஓடியது. அந்த நிமிடம் எனக்கு வந்த நிம்மதியை இப்போது நினைத்தால் கூசுகிறது. ஏன் ஓடியது என்று எனக்குத் தெரியும். முதல் நாளே ஆட்டம் முழுவதும் என் மெஷினுக்குள் பதிந்துவிட்டது. அதன் பிறகு டிஸ்க் உள்ளே இருக்கிறதா என்று மட்டும்தான் மெஷின் பெரும்பாலும் பார்க்கும். அடுத்தவர் மெஷினுக்கு அப்படியில்லை. அது முதலிலிருந்து முழு டிஸ்க்கையும் படித்துப் பதிய வேண்டும். இதெல்லாம் தெரிந்தே, 'ஓடுகிறதே, நல்ல டிஸ்க்தான்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். டப்பாவை ஒரு மஞ்சள் பையில் போட்டு, மேலே பூஜைப் பொரியும் கடலையும் ஒரு பொட்டலம் வைத்துக் கொடுத்தேன்.

"பொரி இருக்கு தம்பி. வீட்ல குடுங்க."

"ரொம்ப தேங்க்ஸ் சார். அவ ஒரு வாரமா நாள எண்ணிகினு இருக்கா."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பொரிப் பொட்டலத்தை எடுத்தால்தான் டப்பாவைத் திறக்க முடியும். அவர் எடுக்கவில்லை. எடுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு தொழிற்பேட்டை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் எல்லோரும் கூடினோம். சுற்று முடிகிற நாள் என்பதால் எட்டுப் பேரும் வந்திருந்தோம். குத்தம்பாக்கத்துக்காரர் டப்பாவைச் சீட்டு நடத்துபவர் கையில் கொடுத்தார். அவர் முகம் ஒரு வாரத்தில் சுருங்கியிருந்தது.

"ஓடல அண்ணாத்தே. போட்டா பாதி ஏறுது, அதோட நின்னுடுது. நம்ம மெஷின்லதான் ஏதோன்னு லென்ஸ்லாம் தொடச்சிப் பாத்தேன். லீவு போட்டுட்டு நாலு நாளா அதோடதான் குந்திகினு இருக்கேன்."

சீட்டு நடத்துபவர் டிஸ்க்கைச் சாய்த்துப் பார்த்தார். பார்த்ததும் உதட்டைச் சுழித்தார். "இன்னாப்பா இது, ரிங்கா சுத்திக்கினு இருக்கு. வாங்கும்போது பாத்தியா, பாக்கலியா?"

குத்தம்பாக்கத்துக்காரர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "சார் குடுத்தாரு அண்ணாத்தே. நான் எப்படித் தொறந்து பாக்குறது?"

பக்கத்தில் நின்றிருந்த பிரஸ் வேலைக்காரர் ஒருவர் சிரித்தார். "ஓட்ட மெஷின வாங்கி மாட்டுக் கொட்டாயில வச்சிகினு, பழிய சார் மேல போடுறியா மாமே? உங்க பக்கத்து ஆளுங்க கைல குடுத்தா இப்டிதான்." அந்தப் பேச்சில் மெஷின் மட்டும் இல்லை. அங்கே நின்ற எல்லோருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும்.

"நான் யார் மேலயும் போடல," என்றார் குத்தம்பாக்கத்துக்காரர்.

"சும்மா இருங்கப்பா," என்று அதட்டிவிட்டு, சீட்டு நடத்துபவர் டிஸ்க்கை என்னிடம் நீட்டினார். "சார், நீங்க பாத்து சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாததா? இது எதனால வந்த கீறல்?"

சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தேன். பார்க்க வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் நேரம் எடுத்துப் பார்த்தேன். "இது கையால விழுந்ததில்ல. மெஷினுக்குள்ள விழுந்த கீறல்," என்றேன். அது உண்மை.

"எந்த மெஷின் சார்?"

"என் வீட்லேர்ந்து போகும்போது நல்லாத்தான் இருந்தது."

அவ்வளவுதான் சொன்னேன். யாரும் எதிர்க் கேள்வி கேட்கவில்லை. குத்தம்பாக்கத்துக்காரர்கூடக் கேட்கவில்லை. அவர் என்னை நம்பிவிட்டார். "அப்போ நம்ம மெஷின்தான் போல சார்," என்று மெதுவாகச் சொன்னார். கீறுகிற மெஷின் வைத்திருப்பவருக்குச் சீட்டில் எப்படிக் கொடுப்பது என்று பேச்சு வந்தது. அவரே, "வேணாம் அண்ணாத்தே, நான் நின்னுக்கிறேன். இன்னொரு சிடி என்னால போவக் கூடாது," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனார். நான் அந்த டீயைக் கடைசிவரை குடித்தேன்.

அதன் பிறகு நாலைந்து மாதம் போயிற்று. சீட்டும் தேய்ந்தது. இரண்டு பேர் வீட்டுக்கு இணைய இணைப்பு வந்ததும் நேராக இறக்கிக்கொள்ள ஆரம்பித்தார்கள். மிச்சமிருந்த நாங்கள் கடைசியாகச் சுற்றிய டிஸ்க்கை விற்க நான்தான் பழைய கேம் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் டிஸ்க்கை வாங்கி, மேசைமேல் இருந்த ஒரு மெஷினில் போட்டார். "வியாபாரம் முன்ன மாதிரி இல்ல சார். புதுசா வர்ற டப்பா பாதியில டிஸ்க்கே இல்ல, நம்பர் எழுதுன துண்டுக் காயிதம்தான். ஒருத்தர் நம்பரப் போட்டுட்டா, அப்புறம் அந்த டப்பாவுல உப்பு கொட்டி வெக்கலாம்." பேசிக்கொண்டே மெஷினைத் தட்டிக் காட்டினார். "இது யாருதுன்னு தெரியுதா? உங்க சீட்டுல இருந்தாரே, குத்தம்பாக்கத்துக்காரர். வந்து, 'அண்ணே, இது சிடிய கீறுது, யாருக்கும் வித்துடாதீங்க, பார்ட்ஸுக்கு மட்டும் எடுத்துக்குங்க'ன்னு குடுத்துட்டுப் போனாரு. எனக்கு மனசு கேக்கல. பத்து டிஸ்க் போட்டுப் பாத்தேன், ஒரு கோடு விழல. வர்ற டிஸ்க்க எல்லாம் இப்ப இதுலதான் டெஸ்ட் பண்றேன். தன் பொருளுக்குத் தானே கொற சொல்லி விக்க வந்த ஆள நான் பாத்ததே இல்ல சார்."

நான் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். "வெயிலா சார்?" என்று தண்ணீர் கொடுத்தார்.

குத்தம்பாக்கத்துக்காரருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். எதைத் திருப்பிக் கொடுப்பது என்பதில் மறுபடியும் தவறினேன். பெரிய கடைக்குப் போய்ப் புத்தம் புது மெஷின் ஒன்று வாங்கினேன். டிஸ்க் போடும் வாயே இல்லாத வகை. கீறுவதற்கு எதுவும் இருக்காது, யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்று நினைத்தேன். படகு ஆட்டத்தையும் என் வீட்டு இணைப்பிலேயே இறக்கி உள்ளே வைத்தேன். பூந்தமல்லி போய் பஸ் மாறி, திருமழிசை தாண்டி, புது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இறங்கி விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை சாயங்காலம். ஷிப்ட் முடித்துக் குளித்துவிட்டு வந்திருந்தார். நாற்காலி போட்டார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றார். பொட்டு வைக்கப் போய் மெஷினை நிமிர்த்தியது, பற்பசை, டீக்கடையில் சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசியது அந்த அம்மாள்தான்.

"அப்போ பொரி இன்னாத்துக்கு சார் குடுத்தீங்க?"

நான் கொண்டுவந்த அட்டைப்பெட்டியைக் காலருகே இழுத்துக்கொண்டேன்.

"அந்தப் பொரிய நாங்க சாமி படத்துக்கு முன்னால வச்சி எடுத்துத் தின்னோம் சார். நாலு மாசம் இவுரு யாரு பொருளயும் கைல வாங்கல. பக்கத்து ஊட்டுல ட்ரில்லிங் மெஷின் குடுத்தாங்க, ஷெல்ஃப் அடிக்க. 'வேணாம், என் கை பட்டா கெட்டுடும்'ங்குறாரு. நான் இன்னான்னு சொல்றது?"

"நீ சும்மா இரு," என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. என் காலடியில் இருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தார். நான் திறந்து காட்டினேன். மெஷினை எடுத்து முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டில் எல்லாம் திருப்பினார்.

"சிடி எங்க சார் போடுறது?"

"இதுல டிஸ்க் தேவையில்ல தம்பி. அந்தப் படகு ஆட்டம் உள்ளேயே இருக்கு. யாருக்கும் காத்திருக்க வேணாம், உங்களுக்கே உங்களுக்கு."

"எனக்கே எனக்குன்னா, முடிச்சிட்டு யார்கிட்ட குடுக்குறது?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே கேட்டார். மெஷினைப் பெட்டியில் பழையபடி வைத்து மூடினார். "வேணாம் சார். எடுத்துகினு போயிடுங்க."

"வேற என்ன செய்யட்டும், சொல்லுங்க."

"எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க. அந்த டீக்கடைல. அதே ஆளுங்க இருக்கசொல்ல. எங்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவப் போது? நான் கீறலன்னு எனக்கு நீங்க சொல்றதுக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கணும். உங்க பேச்சக் கேட்டு நானே என்ன நம்பாம போயிட்டேன்."

அடுத்த ஞாயிறு டீக்கடைக்குப் போனேன். சீட்டை விட்டுப் போன இரண்டு பேரையும் சேர்த்து மற்ற ஆறு பேரும் இருந்தார்கள். எனக்கு இடம் விட்டு நகர்ந்து, "சாருக்கு சக்கர கம்மியா ஒரு டீ," என்றார்கள். டீ குடித்தேன். மழை வருமா என்று பேசினேன். திரும்பி வந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு உட்காரவில்லை, டீயும் வாங்கவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"சார்," என்றார் சீட்டு நடத்துபவர். "நான் டிஸ்க்க உங்க கைல குடுத்தேனே, நீங்க கண்ணாடி வச்சி பாத்தீங்களே. அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

மாட்டுக் கொட்டகை என்று பேசிய பிரஸ் வேலைக்காரர், "நாங்கூட உங்கள நம்பித்தான சார் அவன அப்படி..." என்று ஆரம்பித்தார். சீட்டு நடத்துபவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "அவரு கீறினாரு, நீ பேசினியே, அதையும் அவரா சொல்லிக் குடுத்தாரு?" என்றார். சீட்டு நடத்துபவர் கிளாஸை வைத்துவிட்டு, வண்டியை எடுத்தார். அங்கே இருந்தவர்களில் இரண்டு பேரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு குத்தம்பாக்கம் போனார். பிரஸ் வேலைக்காரரும் அதில் ஒருவர். என்னை வா என்று கூப்பிடவில்லை. சீட்டு நடத்துபவரை, அவர் வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்து எனக்குத் தெரியும். என்னிடம் சொல்லாமல் அவர் கிளம்பிப் போனது அன்றுதான்.

புது மெஷினைப் பழைய கேம் கடைக்கு எடுத்துப் போனேன். அதை வைத்துக்கொண்டு டெஸ்ட் மெஷினையும் படகு ஆட்டத்தின் பழைய டிஸ்க் ஒன்றையும் கொடுங்கள் என்றேன். "நல்லா ஓடுற டெஸ்ட் மெஷினக் கேக்குறீங்களே சார்," என்று முணுமுணுத்தார். காரணத்தைச் சொன்னேன். அதன் பிறகு மெஷினைத் துடைத்துக் கட்டிக் கொடுத்தார். மிச்சம் பணம் தருகிறேன் என்றார். வாங்கிக்கொள்ளவில்லை.

சீட்டு நடத்துபவர் மூலமாகத்தான் கொடுத்தனுப்பினேன். மெஷினைக் குத்தம்பாக்கத்துக்காரர் வாங்கிக்கொண்டார். அது அவருடையதுதானே. டிஸ்க்கை வைத்துக்கொள்ளவில்லை. "இது சீட்டு சிடி. சுத்தட்டும்," என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

அதை வைத்துத்தான் சீட்டு மறுபடி ஆரம்பித்தது. இப்போது புது ஆட்டம் வாங்குவதில்லை. கடையில் கிடைக்கிற பழைய டிஸ்க்குகள்தான். இறக்கிக்கொள்ளப் போனவர்களில் ஒருவர் திரும்பி வந்துவிட்டார். என்னை வைத்துக்கொள்ள வேண்டுமா என்று பேச்சு வந்ததாம். இரண்டு பேர் வேண்டாம் என்றார்களாம். குத்தம்பாக்கத்துக்காரர், "இருக்கட்டும். குலுக்கல்லாம் வேணாம், எனக்கு முன்னால அவரப் போடுங்க," என்று சொன்னாராம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எனக்குப் புரிந்தது.

படகு ஆட்டம் அந்தச் சுற்றில் என் வீட்டில் ஒரு வாரம் இருந்தது. இரண்டு நாள்தான் ஆடினேன். மெஷினை இருந்த இடத்திலிருந்து ஓர் அங்குலம் நகர்த்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். காப்பி போடட்டுமா என்று கேட்டதற்கு, "குடிச்சிட்டு வந்தேன் சார்," என்றார். உட்காரவும் இல்லை.

பை இல்லாமல் டப்பாவை மட்டும் நீட்டினேன். ஒரு கையால் வாங்கி, என் எதிரிலேயே திறந்தார். டிஸ்க்கை விளிம்பில் பிடித்து, ஜன்னல் பக்கம் போய்ச் சாய்த்தார். அவசரப்படவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இது இன்னா சார்?"

மேசை இழுப்பறையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தேன். பழக்கத்தில் என் கண்ணுக்குக் கொண்டுபோனேன். பிறகு அதை அவரிடம் கொடுத்தேன்.

"நீங்களே பாருங்க தம்பி."

கண்ணாடியை எப்படிப் பிடிப்பது என்று ஒரு நொடி தடுமாறினார். பிறகு குனிந்து பார்த்தார். வாயால் ஊதினார். சட்டை நுனியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஒரே இழுப்பாகத் துடைத்தார். மறுபடி பார்த்தார்.

"நூலு சார். துணி நூலு."

இரண்டு பேரும் சேர்ந்து இன்னொரு முறை பார்த்தோம். டிஸ்க்கை உள்ளே வைத்து, டப்பாவை அழுத்தி மூடினார். கண்ணாடியை மேசைமேல் வைத்தார்.

"பாத்தாச்சு," என்றார்.

"பாத்தாச்சு," என்றேன்.